ஏழு தடவை பார்த்து எடுத்த டேப்

அந்தக் கொய்யாப்பழப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகத்தி வைங்க தம்பி. மடியில டேப்பு இருக்கு, கண்ணாடித் திரை, பஸ்ஸு குலுங்குறப்ப இடிச்சிரும். ஆங், போதும் போதும். நீங்க எங்க இறங்கணும்? பெரியகுளமா? நானும் பெரியகுளம்தான். ரொம்ப நல்லதாப் போச்சு. கல்யாணம் ஆயிருச்சா?

கோவிச்சுக்காதீங்க. தொழில் அது. வயசுப் புள்ளைகளைப் பாத்தா வாய் சும்மா இருக்காது. என் பேரு கோட்டைச்சாமி. கல்யாணத் தரகர். திண்டுக்கல் நாகல்நகர்ல வந்து யார்கிட்ட கேட்டாலும் வீட்டைக் காட்டுவாக. இருபத்தெட்டு வருசமா இதே வேலைதான். நான் சேத்து வச்ச சோடி எத்தனைன்னு எனக்கே தெரியாது. பிரிஞ்சது மூணே மூணு. அதுல ஒண்ணு திரும்பச் சேந்துருச்சு.

என்னா அப்பவே புடிச்சு டேப்பையே பாக்குறீங்க? நல்லாருக்கா? நல்லாருக்கும். ஏன் நல்லாருக்காது? ஏழு தடவை பாத்து எடுத்தது தம்பி. ஏழு தடவை! என் கல்யாணத்துக்குப் பொண்ணைக்கூட ஒரே தடவைதான் பாத்தேன். அதுவும் பாதி முகந்தான்.

இது இல்லாமயே இருபத்தேழு வருசம் ஓட்டுனவன் நான். ஒரு ரெக்சின் பை. அதுல அம்புட்டு ஜாதகம், அம்புட்டு போட்டோ. செல்போன் வந்துச்சு, சரின்னு ஒண்ணு வச்சுக்கிட்டேன், பட்டன் போன். அப்புறம் இந்தத் தேய்க்கிற போன் வந்துச்சு பாருங்க, அங்க புடிச்சது சனி. பொண்ணு வீட்டு நம்பரை மாப்ள வீட்டுக்குக் குடுத்துட்டு டீ குடிக்கப் போவேன், திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிச்சு, "செட் ஆகல அங்கிள்"ன்னு ஒரு கும்புடு படத்தைப் போட்டு விட்டுருவாக. செட் ஆகலயாம்! நான் என்ன சீட்டாட்டமா நடத்துறேன்?

அதையும் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது வேடசந்தூர்ல நடந்துச்சு. நல்ல எடம், ஒரே பையன், ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். போயி உக்காந்து பையைத் தொறந்து போட்டோவை ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கிறேன். பையனோட அம்மா ஒரு போட்டோவை வாங்கிப் பாத்துட்டு, "ஏண்ணே, இந்தப் புள்ளைய போன மாசந்தான் ஆஸ்பத்திரியில பாத்தேன். ரெண்டாவது பிரசவம்"ங்குது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பையில பழசு புதுசு கலந்து போச்சு. அந்த நேரம் பாத்து உள்ள வர்றா சௌந்தரம்.

சௌந்தரத்தைத் தெரியாதா? நத்தம் சௌந்தரம். அவளும் தரகர்தான். நான் வளத்து விட்ட ஆளு, இப்ப எனக்கே போட்டி. கையில ஒரு டேப்பு. சிலேட்டு மாதிரி மடியில வச்சா. ஒரு தேய் தேய்ச்சா, பொண்ணு. இன்னொரு தேய், இன்னொரு பொண்ணு. மாப்ளயோட அம்மா ரெண்டு வெரலை வச்சு ஒரு பொண்ணோட மூக்கை இம்புட்டுக்குப் பெருசாக்கிப் பாத்துச்சு தம்பி! என் போட்டோவுல மூக்கைப் பெருசாக்க முடியுமா? முடிஞ்சது கதை. அந்த எடம் அவளுக்குப் போயிருச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். டேப்பு வாங்காம இந்தத் தொழில் ஓடாது.

இன்னொரு விசயமும் இருக்கு. அதைச் சொல்லணுமான்னு பாக்குறேன். சரி, நீங்க யாரோ, நான் யாரோ. எனக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. கணக்கு டீச்சர். வயசு முப்பத்தொண்ணு ஆயிருச்சு. ஊருக்கெல்லாம் மாப்ள பாக்குறவன் வீட்டுல முப்பத்தொரு வயசுப் பொண்ணு. போற எடத்துலயெல்லாம் கேப்பாக, "மக எப்படியிருக்கா"ன்னு. அதுல ஒரு இழு இழுப்பாக பாருங்க, அது இங்கன குத்தும்.

காரணம் செவ்வாய் தோஷம். ஏழாம் வீட்டுல செவ்வாய் கல்லு மாதிரி உக்காந்துருக்கான். செவ்வாய் இருக்கிற மாப்ளதான் வேணும். பையை எத்தனை தடவை கொட்டிப் பாத்திருப்பேன். வயசு ஒத்து வந்தா நட்சத்திரம் ஒத்து வராது, நட்சத்திரம் ஒத்து வந்தா பையன் குடிகாரனா இருப்பான். கடைசி ரெண்டு வருசம் அவ ஜாதகத்தைக் கையில எடுக்கவே இல்ல. எடுத்தா அன்னைக்குச் சோறு எறங்காது.

நீங்க கேப்பீங்க, தரகர்தான, நேரத்தைக் கொஞ்சம் நகத்திப் போட வேண்டியதுதானன்னு. கேக்கலயா? சரி, நானே சொல்றேன். மத்தவங்களுக்குச் செஞ்சிருக்கேன். பொய் சொல்லல, செஞ்சிருக்கேன். ஒரு தாய் வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னா அரை மணி நேரத்தை முன்னயோ பின்னயோ தள்ளி எழுதிக் குடுத்துருவேன். லக்னம் ஒரு வீடு மாறும், செவ்வாய் நல்ல எடத்துக்குப் போயிருவான். எனக்கு மட்டும் தெரியணும்னு பிள்ளையார் சுழிக்குக் கீழ ஒரு சின்னப் புள்ளி வச்சுருவேன். ஆனா என் பொண்ணுக்குச் செய்யல. ஏன்னு கேக்காதீங்க. அவ பொறந்தது மதியம் மூணு நாப்பது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்பாம எதுத்தாப்புல இருந்த மருந்துக் கடையிலயும் ஓடிப் போயிப் பாத்துட்டு வந்தவன் நான். அந்த மூணு நாப்பதை என் கையால அடிக்க முடியல.

அது கெடக்கட்டும். டேப்புக்கு வருவோம்.

பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஒரு செல்போன் கடை. வளர்பிறை, வியாழக்கிழமை, ராகு காலம் முடிஞ்சு போனேன். தவசீலன்னு ஒரு தம்பி, அவர்தான் அங்க பொறுப்பு. முப்பத்திமூணு வயசு, ஒல்லி, நெத்தியில விபூதிக் கீத்து. நான் எப்பவும் எடம் பாக்குற மாதிரியே உக்காந்து கேட்டேன். "தம்பி, இது எந்த ஊர்ல பொறந்தது? கம்பெனி நல்ல குடும்பமா? இதுக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் நல்லாருக்கா, இல்ல சின்ன வயசுலயே போயிருச்சா?" சிரிக்காம பதில் சொன்னார் தம்பி! அங்கயே எனக்குப் புடிச்சுப் போச்சு.

ஆனா அன்னைக்கு அவர் டேப்பே வேணாம்னார். "ஐயா, நீங்க பஸ்ஸுல போறவரு. பெரிய போனா ஒண்ணு எடுத்துக்கங்க, சட்டைப் பையில போட்டுக்கலாம். அஞ்சு நிமிசத்துல பில் போட்டுருவேன்"னார். நானும் சரின்னுருப்பேன். ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குல்ல, முதல்ல பாத்த எடத்தை அன்னைக்கே முடிக்கக் கூடாது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்"னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அடுத்த வாரம் சுகந்தியைக் கூட்டிட்டுப் போனேன். படிச்ச புள்ள, நாலு விசயம் தெரியும்னு. அன்னைக்கு அந்தத் தம்பி பேச்சே மாறிப் போச்சு தம்பி! "போன் வேணாங்கய்யா, உங்க தொழிலுக்கு டேப்புதான் சரி. ஆனா அவசரப்படாதீங்க. பொறுமையா, நாலு தடவை வந்து பாத்து எடுங்க"ன்னார். எந்தக் கடைக்காரன் சொல்லுவான், அவசரப்படாதீங்கன்னு? அப்படி ஒரு நேர்மை.

ஏழு இஞ்சு காட்டுனார். "சின்னதா இருக்குப்பா, கட்டம் தெரியாது"ன்னா சுகந்தி. அதுக்கு அடுத்த வாரம் பதினோரு இஞ்சு. "கனமா இருக்கு, உங்களுக்குத் தோள்பட்டை வலிக்கும்"ன்னா. நாலாவது வாரம் பத்து இஞ்சு. எனக்குப் புடிச்சிருச்சு. கையில எடுத்து மடியில வச்சுப் பாத்தேன், அம்சமா உக்காந்துச்சு. இவ என்ன சொல்றா? "பேட்டரி ஒரு நாள் முழுசா நிக்குமா"ன்னு தவசீலன் தம்பியைப் பாத்துக் கேக்குறா. அவர், "நிக்குமான்னு சந்தேகமாத்தான் இருக்கு மேடம், அடுத்த வாரம் வேற வருது"ங்குறார். தன் கடைச் சரக்கைத் தானே குறை சொல்றார்னா பாத்துக்கங்க.

அஞ்சாவது தடவை கேமரா சரியில்ல. ஆறாவது தடவை என்ன குறைன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பின்னாடி நிறம் என்னமோ பளிச்சுன்னு இல்லன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. அப்பன் புத்தி அப்படியே வந்துருக்கு பாரு, எதையும் ஒரு தடவைக்கு ஏழு தடவை பாக்குறான்னு. முன்னெல்லாம் கடைக்குக் கூப்புட்டா, "பேப்பர் திருத்தணும்ப்பா"ம்பா. இப்ப வியாழக்கிழமை ஆனா எனக்கு முன்னாடி தலை சீவிப் பூ வச்சு வாசல்ல நிக்கிறா. தொழில்ல அம்புட்டு அக்கறை.

அந்தக் கடை உபசரிப்பையும் சொல்லணும். மொதல் நாள் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி. அப்புறம் டீ. ஆறாவது தடவை போனப்ப கேசரி, பஜ்ஜி! தட்டுல வச்சு, எவர்சில்வர் டம்ளர்ல காப்பியோட. ஒரு டேப்பு வாங்க வந்தவனுக்கு கேசரி பஜ்ஜி போடுற கடையை எங்கயாவது பாத்துருக்கீங்களா? சுகந்தி கேசரியைத் தொடல, தலையைக் குனிஞ்சே உக்காந்துருந்தா. வயித்துக்குச் சரியில்லையோ என்னமோ.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? பஜ்ஜின்னதும் பசிக்குதா? அந்தா அந்தக் கொய்யாவுல ஒண்ணை எடுங்க, ஆளுக்குப் பாதியாச் சாப்புடுவோம்.

ஏழாவது தடவை எடுத்தோம். எதைன்னு நெனைக்கிறீங்க? நாலாவது வாரம் பாத்தம்ல, அதே பத்து இஞ்சு! நான் கேட்டேன், "ஏம்மா, பேட்டரி நிக்காதுன்னியே"ன்னு. "இப்ப நிக்குதாம்ப்பா"ன்னா. விஞ்ஞானம் அம்புட்டு வேகமா வளருது.

வாங்குன பிறகு வேலை பாக்கணும்ல. பையில நானூத்திப் பன்னண்டு ஜாதகம். அம்புட்டையும் சுகந்திதான் ஏத்துனா. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் சாயங்காலம் பத்து ஜாதகம், இருபது ஜாதகம். தவசீலன் தம்பி பொருத்தம் பாக்குற ஆப்பு ஒண்ணு போட்டுக் குடுத்தார். அதுக்கு வாராவாரம் அப்டேட் பண்ணணுமாம். ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டுக்கே வந்துருவார். என் சம்சாரம் அன்னத்தாய் இருக்காளே, சொந்தக்காரன் வந்தாக்கூட எந்திரிச்சு வர மாட்டா. அந்தத் தம்பி வந்தா குழிப்பணியாரம் சுடுறா! "அப்டேட் தம்பி வந்துட்டாரு"ன்னு சட்டினி வேற ரெண்டு வகை. கடையில எல்லாருக்கும் இப்படித்தான் வீடு தேடிப் போவாரான்னு கேட்டேன். "முக்கியமான கஸ்டமருக்கு மட்டும்"னார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாப் போச்சு.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில நடந்துச்சு பாருங்க. குளிச்சுட்டு சாமி கும்புட்டுட்டு டேப்பை எடுத்து உக்காந்தேன். நானூத்திப் பன்னண்டும் ஏறிருச்சு. என்னமோ தோணுச்சு. ரெண்டு வருசமா தொடாததைத் தொட்டுப் பாப்போம்னு, "சுகந்தி"ன்னு போட்டு அமுக்குனேன். கண்ணை மூடிக்கிட்டேன் தம்பி, பொய் சொல்லல. தொறந்து பாத்தா, பச்சையா ஒரு கோடு. பத்துக்கு ஒம்பது பொருத்தம்! பேரு? தவசீலன். ஊரு நெலக்கோட்டை. நம்ம கடைத் தம்பி! அந்தத் தம்பி ஜாதகம் என் பையிலேயே நாலு வருசமாக் கெடந்துருக்கு. யாரோ குடுத்தது, நானூத்திப் பன்னண்டுல ஒண்ணு. போட்டோவுல மீசைகூட இல்ல, எனக்கெங்க அடையாளம் தெரியும்?

"அன்னம்! அன்னம்! மிஷின் மாப்ள கண்டுபுடிச்சிருச்சுடி!"ன்னு கத்துனேன். அவ அடுப்படியில இருந்து திரும்பாமயே, "அப்படியா, சந்தோசம்"ங்குறா. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. எத்தனை வருசத்துப் பாரம், இப்படியா சொல்றது? சுகந்தியைக் கூப்புட்டேன். "அம்மாடி, ஒரு எடம் வந்துருக்கு"ன்னேன். மாப்ள பேரை இன்னும் சொல்லவே இல்ல. "உங்க இஷ்டம்ப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா. அப்படி அடக்கமான புள்ள.

மாப்ள வீட்டுல அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான். ராசாமணியம்மா. அவங்களுக்குச் செவ்வாய்னா ஆகாது, சுத்த ஜாதகமா வேணும்னு தவசீலன் தம்பி சொன்னார். பேப்பர்ல எழுதிக் கொண்டு போகணும்ல, டேப்பைப் பாத்து எழுத உக்காந்தேன். பேரு எழுதியாச்சு, தேதி எழுதியாச்சு. பொறந்த நேரம்னு வந்து பாத்தா, மாலை நாலு இருவது.

கை நின்னு போச்சு.

மூணு நாப்பது எங்க? நாலு இருவது எங்க? நாப்பது நிமிசம். லக்னம் ஒரு வீடு தள்ளிருச்சு, ஏழுல இருந்த செவ்வாய் ஆறுக்குப் போயிருச்சு. தோஷம் போயே போச்சு. ஏத்துனது யாரு? அவதான். கணக்கு டீச்சர், தப்பா அடிக்கிற ஆளில்ல.

கோவம் வரல தம்பி. அழுகைதான் வந்துச்சு. என் பொண்ணு தன் நேரத்தைத் தானே அடிச்சுட்டாளே, அப்பன் செய்யாததை அவ செய்ய வேண்டியதாப் போச்சேன்னு. லவ்வா? சேச்சே! அதெல்லாம் இல்ல தம்பி. அவ அந்த மாதிரிப் புள்ள கெடையாது. அப்பன் ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கணும்னு செஞ்சிருக்கா, வேற என்ன?

அடுத்த நாளு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நாலு இருவதுன்னு என் கையால எழுதுனேன். எழுதி முடிச்சு மடிச்சுப் பையில வச்சுட்டேன்.

நெலக்கோட்டை போனோம், நானும் அன்னமும். ராசாமணியம்மா வாசலுக்கு வந்தாங்க. என்னைப் பாத்ததும் முகம் வெளுத்துப் போச்சு. "நீங்களா"ன்னாங்க. "என்னைத் தெரியுமா?"ன்னேன். "தெரியாது தெரியாது"ன்னு உள்ள போயிட்டாங்க. எனக்கும் அவங்களை எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு, ஆனா நெஞ்சு அடிச்ச அடியில ஒண்ணும் ஓடல. திருட்டுப் பேப்பரைப் பையில வச்சுட்டுல்ல உக்காந்துருக்கேன்! வேர்த்து ஊத்துது. அந்தம்மாவுக்கும் வேர்க்குது. ஃபேன் முழு வேகத்துல சுத்துது, ரெண்டு பேரும் முந்தானையாலயும் துண்டாலயும் தொடைச்சுக்கிறோம்.

ஜாதகம் மாத்துனோம். அவங்க தவசீலன் பேப்பரை வச்சாங்க, நான் சுகந்தி பேப்பரை வச்சேன், பக்கத்துல பக்கத்துல. அந்தம்மா குனிஞ்சு பாத்தாங்க. பாத்துட்டு மெதுவா ஒரு வெரலை வச்சாங்க. "அண்ணே, உங்க பேப்பர்ல பிள்ளையார் சுழிக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கே"ன்னாங்க.

ஐயையோ! பழக்க தோசத்துல கை தானா வச்சிருக்கு தம்பி! நேரம் திருத்துனா புள்ளி வைக்கிற கை, சொந்தப் பொண்ணு பேப்பர்லயும் வச்சுருச்சு. அப்பத்தான் அந்தம்மா சொல்றாங்க, "எங்க பேப்பர்லயும் இருக்குண்ணே. நீங்கதான வச்சீங்க"ன்னு.

பாத்தேன். இருக்கு. என் கையெழுத்து, என் புள்ளி. நாலு வருசத்துக்கு முன்னாடி வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு தாய் வந்து அழுதாங்களே, பையனுக்கு எட்டுல செவ்வாய், ஒரு பொண்ணும் அமைய மாட்டேங்குதுன்னு, அரை மணி நேரத்தை முன்னால தள்ளி எழுதிக் குடுத்தனே, அந்தத் தாய்தான் இவங்க! திருத்துனது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் செவ்வாயே ஆகாதுன்னு சொல்லிருக்காங்க. நான் சொல்லிக் கெடுத்துருவேனோன்னு அவங்க பயந்துருக்காங்க. அவங்க கண்டுபுடிச்சுருவாங்களோன்னு நான் பயந்துருக்கேன்.

புரியுதா தம்பி உங்களுக்கு? அவருக்கும் செவ்வாய், இவளுக்கும் செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய் ஜோரா சேரும். நாலு வருசமா என் பையிலயே, என் பொண்ணு ஜாதகத்துக்கு நாலு விரக்கடை தள்ளி அந்த மாப்ள இருந்துருக்கார். எத்தனை தடவை அந்தப் பேப்பரைப் பாத்து, "இது செவ்வாய் இல்லாத ஜாதகம், நமக்கு ஆகாது"ன்னு புள்ளியைக்கூடக் கவனிக்காம ஒதுக்கி வச்சிருப்பேன்! ஒதுக்க வச்சதே என் திருத்தந்தான். நான் திருத்தாம விட்டுருந்தா என் பொண்ணுக்கு இருபத்தேழு வயசுல கல்யாணம் முடிஞ்சிருக்கும்.

அன்னந்தான் சத்தம் போட்டு சிரிச்சா. அதைப் பாத்து அந்தம்மா சிரிச்சாங்க. அப்புறம் நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். பேனாவை எடுத்து அவர் நேரத்தைப் பழையபடி எழுதுனேன். இவளுக்கு நாலு இருவதை அடிச்சுட்டு மூணு நாப்பதுன்னு எழுதுனேன். அந்த மூணு நாப்பதை எழுதுறப்ப இருந்த சந்தோசம் இருக்கே, மகளை ரெண்டாவது தடவை கையில வாங்குன மாதிரி இருந்துச்சு.

தை பொறந்து முகூர்த்தம். அதுக்குத்தான் பெரியகுளத்துல சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போறேன். எல்லாத்துக்கும் காரணம் இந்த டேப்புதான் தம்பி. மாப்ளயைக் கண்டுபுடிச்சது இதுதான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்றேன். சௌந்தரத்துகிட்டயும் சொன்னேன். அவ டேப்பு ஒரு வருசமா என்ன கண்டுபுடிச்சுச்சு? ஏழு தடவை பாத்து எடுத்தா இதெல்லாம் நடக்கும். அவ ஒரே நாள்ல வாங்குனவ.

மறுபடியும் சிரிக்கிறீங்க. சரி, சிரிங்க.

அந்தா, பெரியகுளம் வருது. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. மொதல்ல கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. ஆகல தான? முகத்தைப் பாத்தாலே தெரியுது. இருங்க, தொறக்குறேன். பேரு சொல்லுங்க. தேதி சொல்லுங்க. பொறந்த நேரம் சொல்லுங்க தம்பி. உண்மையான நேரத்தைச் சொல்லுங்க.